எனக்குப் பிறந்த தேதி போட்ட சார்

மஞ்சக்குப்பம் இ-சேவை:
நம்ம கடலூர் ஹெட்மாஸ்டர் சாரைத் தெரியாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வரேன். போன மே மாசம் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று எடுக்க எங்க கடைக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கக் கை கொடுத்தேன். "நீ போய் மிஷினைப் பாரு"ன்னுட்டு தானே இறங்கினார்.

கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். ரேகை விழல. வேட்டியில துடைச்சுட்டு மறுபடி வெச்சார். விழல. பத்து விரலும் வெச்சுப் பார்த்தாச்சு. வயசானா ரேகை தேஞ்சு போகும், கடையில தினமும் பார்க்கிறதுதான். ஆனா இது என் விரலைப் பிடிச்சு 'அ' எழுத வெச்ச கை. கண்ணாடிக்கு அடியில சிவப்பு லைட் எரியுது, அதுக்கு மேல அந்த விரல் ஒரு கோடு இல்லாம வழவழன்னு இருக்கு. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. கடைசியில போன்ல முகம் காட்டிப் பதிவு பண்ற ஆப்ல எடுத்தேன். "கண்ணைச் சிமிட்டுங்க சார்"னேன். "எத்தனை தடவைப்பா?"ன்னு கேட்டார்.

பென்ஷன் புத்தகத்துல பிறந்த தேதி 1-6-1932. எனக்கு 1-6-1979. எங்க அண்ணனுக்கும் ஜூன் 1, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் ஜூன் 1. எல்லாம் ஸ்கூல்ல சேர்க்கும்போது சார் போட்டது. "உங்களுக்குமா சார்?"னேன். "எனக்கும் ஒரு வாத்தியார் போட்டதுதான். எங்கம்மா சொன்னது பிரமோதூத வருஷம், மாசிமகத்தன்னைக்கு." வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். 1931. அவர் கையால தேதி வாங்கினவங்க எழுதுங்க.

ஓய்வுபெற்ற கிளார்க்:
எல்லாரும் உருகப் போறீங்க, தெரியும். எனக்கு இன்னும் ஆறல. நான் பிறந்தது 1962 ஆனி. சார் போட்டது 1-6-1961. ஒண்ணாம் தேதி பிறந்தா முந்தின மாசக் கடைசி நாளே ஓய்வு. 31-5-2019 அன்னைக்கு 58 முடிஞ்சுதுன்னு மாலை போட்டு அனுப்பிட்டாங்க. 2020 மே மாசம் ஓய்வு வயசை 59 ஆக்கினாங்க. 2021ல 60. நிஜத் தேதி இருந்திருந்தா 2022 வரைக்கும் சீட்ல இருந்திருப்பேன். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அந்தச் சமயம்தான் கடன் வாங்கினேன். ஒரு வருஷம் கூட்டி எழுதினதுல மூணு வருஷ சம்பளம் போச்சு.

2021ல சார் வீட்டுக்கே போய்க் கேட்டுட்டேன். கோவப்படல. "உன் கை எட்டலடா"ன்னார். வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடணும், தொட்டா அஞ்சு வயசு. "எட்டல. உங்கக்கா உன் விரலைப் பிடிச்சு இழுத்துத் தொட வெச்சா. தம்பியைச் சேர்த்துக்கலன்னா அவனைப் பார்த்துக்க நானும் வீட்டோட நிக்கணும் சார்னா. மதியம் சோறு வேற. எழுதிட்டேன்."

அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சா. எங்க வீட்டுப் பொம்பளைங்கள்ல அவதான் முதல். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, மோரைக் குடிச்சுட்டு வந்துட்டேன். ஆனா மூணு வருஷம் மூணு வருஷம்தான்.

தேவனாம்பட்டினத்துப் பொண்ணு:
அண்ணே, உங்க வருத்தம் நியாயம். ஆனா அந்தத் தேதியை அவர் எப்படி வெச்சிருந்தார்னு பாருங்க.

2004 டிசம்பர் 26 காலையில எங்க தெருவுக்குள்ள கடல் வந்தது. டி.சி., மார்க் ஷீட், ரேஷன் கார்டு எதுவும் மிஞ்சல. ஒரு கல்யாண மண்டபத்துல தங்கியிருந்தோம். பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் சார் சைக்கிள்ல வந்தார். அப்பவே ரிட்டையர் ஆகி 14 வருஷம். கேரியர்ல ஒரு லாங் சைஸ் நோட்டு. பாயில உட்கார்ந்து, அவர்கிட்ட படிச்ச ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு அவங்க பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி எழுதினார். யாரையும் தேதி கேட்கல. "நான் வெச்சதுதானே"ன்னார். அந்தத் தாளை வெச்சுத்தான் நாங்க நகல் சான்றிதழுக்கு மனு எழுதினோம்.

என் பேருக்கு அடுத்த வரியில தானாவே எங்க அண்ணன் பேரை எழுதினார். தேதியும் எழுதிட்டு நிமிர்ந்து, "எங்க அவன்?"னார். எங்கம்மா தலையை ஆட்டினாங்க. அவர் அந்த வரியை அடிக்கல. பேனாவை மூடிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் திறந்து அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

புதுப்பாளையம் பென்ஷனர்:
நான் அவர்கிட்ட படிக்கல, கூட வேலை பார்த்தவன். காலை மணி அடிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி வந்து பானையில தண்ணி ஊத்தி வெப்பார், அவ்வளவுதான் சொல்ல வந்தது. ஆனா இங்க பேசறதைப் பார்த்தா சில விஷயம் எழுதியே ஆகணும்.

கிளார்க் தம்பிக்கு: பிறந்த தேதியைத் திருத்தணும்னா பணியில சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள மனு கொடுக்கணும். அது சார் தப்பில்ல, நீங்க சும்மா இருந்ததுதான். இ-சேவை தம்பிக்கு: ரேகை விழாத பெரியவங்களை ஆட்டோ ஏத்தி அலைக்கழிக்க வேண்டாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்று எடுப்பார், 70 ரூபாய்தான். போஸ்ட் ஆபீஸ்ல சொல்லி வெச்சாப் போதும். தமிழ்நாட்டு ஓய்வூதியர்களுக்கு இப்ப ஓய்வு பெற்ற மாசத்துலதான் நேர்காணல் (வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு காட்டறது), அதனால சாருக்கு மே. மறந்தா பென்ஷன் நிக்கும்.

இன்னொண்ணு. 80 வயசு முடிஞ்சா அடிப்படை ஓய்வூதியத்துல 20 சதவீதம் கூடுதல். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு முடிஞ்சா இன்னொரு முழு பங்கு. கருவூலத்துல இருக்கிற தேதிக்குத்தான் இது, பிரமோதூத மாசிக்கு இல்ல. அம்மா கணக்குப்படி சாருக்கு 2026 மாசியில 95. காகிதத்துக்கு 2027 ஜூன் வரணும். நமக்கப்புறம் மனைவிக்கு வர்ற குடும்ப ஓய்வூதியத்துக்கும் இதே கூடுதல் உண்டு, ஆனா மனைவியோட பிறந்த தேதி புத்தகத்துல ஏறியிருக்கணும். நம்ம காலத்துப் பொம்பளைங்களுக்கு யார் தேதி எழுதினா? வீட்ல பெரியவங்க இருக்கிற எல்லாரும் இன்னைக்கே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க. பேர்ல ஒரு எழுத்து ஆதாரோட ஒத்துப் போகலன்னாலும் இப்பவே சரி பண்ணுங்க. துக்கத்தோட கருவூல வாசல்ல போய் நிக்கிறது மாதிரி கொடுமை இல்ல.

பாகூர்க்காரன்:
அந்தக் காலத்தில் யாருக்கும் தேதி கிடையாது என்பது போலப் பேசுகிறீர்கள். அது உங்கள் பக்கம். எங்கள் புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரன் பிறப்பைப் பதிந்தான். நான் 1951. அப்பா தவறியதும் அம்மா என்னைக் கடலூரில் மாமா வீட்டில் விட்டார்கள். 1956ல் பள்ளியில் சேர்க்கப் போனபோது அம்மா மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்கள். சார் அப்போது ஹெட்மாஸ்டர் இல்லை, வேலைக்கு வந்து நாலு வருடம் ஆன இளைஞர்.

காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. மற்றவர் என்றால் ஜூன் 1 என்று எழுதி முடித்திருப்பார். இவர் அன்று சாயங்காலமே என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சொல்தா வீட்டுக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் படித்துச் சொல்லச் சொல்ல சார் எழுதிக்கொண்டார். நாள், மாதம், வருடம். "காலை நாலு மணி" என்றதும் சார் பென்சிலை நிறுத்திவிட்டார். "நேரம்கூட எழுதியிருக்கிறதா?" என்றார். "ஆமாம், இதோ" என்று சொல்தா காட்டினார். தெரியாத அந்தப் பாஷையில் அந்த வரியின் மேல் சார் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினார்.

அறுபத்தொன்பது வருடமாக அந்த விரல் என் கண்ணில் நிற்கிறது. அவருக்கே நிஜத் தேதி காகிதத்தில் கிடையாது என்பது இன்று இதைப் படித்துத்தான் தெரிந்தது.

மஞ்சக்குப்பம் இ-சேவை:
நேத்து சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிட்டே கேட்டார். பாகூர் ஐயா எழுதினதுக்கு, "அவன் நல்லா இருக்கானா"ன்னார். தேவனாம்பட்டினத்து அக்கா எழுதினதுக்கு ஒண்ணும் சொல்லல. கிளார்க் அண்ணன் எழுதினதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முடிச்சதும், "அவன் அக்கா இப்ப எங்க இருக்கா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியல சார்னேன்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
நெய்வேலியில மக வீட்ல இருக்கா. முட்டிவலி, பஸ் ஏற மாட்டா. ஞாயித்துக்கிழமை கார் வெச்சுக் கூட்டிட்டு வரேன். சார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பார்னு கேட்டுச் சொல்லு தம்பி.