யூஜின் ஓ'நீலின் கப்பல் நாடகம்: இந்த மனிதரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

உவர்மலை ஆசிரியை:

வணக்கம். திருகோணமலை நகரில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். இந்த வருடம் யூஜின் ஓ'நீல் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழாக்கி மேடையேற்ற ஆசைப்படுகிறேன். 'கார்டிஃப் நோக்கிக் கிழக்கே' என்று இப்போதைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். மூடுபனி இரவு. சரக்குக் கப்பலின் மாலுமிகள் அறை. கிடங்குக்குள் விழுந்து அடிபட்ட ஒருவன் கட்டிலில் செத்துக்கொண்டிருக்கிறான். நண்பன் பக்கத்தில் இருக்கிறான். கதை அவ்வளவுதான்.

என் வகுப்பில் பாதிப்பேர் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். நாடகத்தை வாசித்து முடித்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவன், "எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான், கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் மூத்தவர் ஒருவர், "நம் ஊர்க் கூத்து இருக்கும்போது அமெரிக்கக் குடிகாரர் ஒருவரின் நாடகம் எதற்கு?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. 1936இல் நோபல் பரிசு, நான்கு தடவை அமெரிக்காவின் புலிட்சர் பரிசு என்று அடுக்கினேன். அது பதிலாகுமா? இந்த மனிதர் யார், ஏன் இப்படி எழுதினார் என்பதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? இன்னொன்று: மூடுபனியையே கண்டிராத ஊரில் அதை மேடையில் எப்படிக் கொண்டுவருவது?

பழைய மாலுமி, சீனக்குடா:

ரீச்சர், நான் நாடகக்காரன் அல்ல. இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவன். துறைமுகங்களில் மாலுமிகளுக்கென்று பெட்டிபெட்டியாகப் பழைய புத்தகங்கள் கொடுப்பார்கள். அப்படி வந்த பெட்டி ஒன்றில்தான் ஓ'நீலின் கடல் நாடகங்கள் எனக்குக் கிடைத்தன. எழுதியவர் கப்பலில் படுத்தவர் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

நோபல் பரிசிலிருந்து தொடங்காதீர்கள். 1910இலிருந்து தொடங்குங்கள். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. அவசரமாக ஒரு திருமணம், தங்கம் தேடி ஹொண்டுராஸ் பயணம், அங்கே காய்ச்சல். எல்லாம் கைவிட்டுப்போன நிலையில் பொஸ்டனில் நோர்வே நாட்டுப் பாய்மரக் கப்பல் ஒன்றில் ஏறினார். மரம் ஏற்றிய கப்பல். புவெனஸ் அயர்ஸ் போய்ச்சேர இரண்டு மாதம். அங்கே கையில் காசில்லாமல் துறைமுகத்தில் அலைந்தார். 1911இல் சரக்குக் கப்பல் ஒன்றில் நியூயோர்க் திரும்பினார். பிறகு அத்லாந்திக் கடக்கும் பயணிகள் கப்பல்களில் வேலை செய்து, தேர்ந்த மாலுமி என்ற சான்றிதழையும் வாங்கினார். பின்னாளில் எத்தனையோ பரிசு வாங்கிய மனிதர் அந்தக் கடதாசியைப் பெருமையோடு வைத்திருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும்.

கப்பல் இல்லாத நாட்களில் நியூயோர்க் துறைமுகத்தருகே மிக மலிவான ஒரு சாராயக்கடையின் மேல்மாடியில் தங்கினார். டிரிஸ்கோல் என்ற ஐரிஷ்காரர் அங்கேதான் பழக்கமானார். கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடுகிறவர். உங்கள் நாடகத்தில் சாகிறவனின் பக்கத்தில் இருக்கும் நண்பனின் பெயரும் டிரிஸ்கோல்தான். உண்மையான டிரிஸ்கோல் 1915இல் நடுக்கடலில் கப்பலிலிருந்து குதித்து இறந்துபோனார். அந்த உடம்பும் பலமும் உள்ள மனிதர் ஏன் குதித்தார் என்ற கேள்வி ஓ'நீலை விடவில்லை. 1922இல் வந்த 'மயிரடர்ந்த குரங்கு' நாடகத்துக்கு அதுதான் விதை.

1912 அவருக்கு மிகக் கெட்ட வருடம். அந்த அறையில் மாத்திரைகளை விழுங்கி உயிரை விடப் பார்த்தார். கூட இருந்தவர்கள் காப்பாற்றினார்கள். வருட முடிவில் காசநோய். 1912 டிசம்பர் 24ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள காசநோய் விடுதியில் சேர்ந்தார். ஐந்து மாதத்துக்கு மேல் அங்கே படுக்கையில் இருந்தபோதுதான் சுவீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கை வாசித்தார், நாடகம் எழுதுவது என்று தீர்மானித்தார். கடலில் கண்டதையெல்லாம் அசைபோட அவருக்கு அந்தப் படுக்கை கிடைத்தது. கட்டிலில் கிடக்கும் மாலுமியைப் பற்றிப் பிறகு எழுதியதில் எனக்கு வியப்பே இல்லை.

இனி என் கதை. 1986 ஜூலை, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். மூன்று நாள் மூடுபனி. கப்பலைச் செலுத்தும் மேல்தட்டில் நிற்பவனுக்குக் கப்பலின் முன்முனையான அணியம் தெரியாது. அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஏணியில் கால்வைக்கத் தவறிக் கிடங்குக்குள் விழுந்தார். கப்பலில் டாக்டர் கிடையாது. ஒரு மருந்துப் பெட்டி, கப்டன் கையில் ஒரு மருத்துவக் கையேடு, அவ்வளவுதான். இரவுகளில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் அழவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. கப்பல் ஊதுவதை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு விரலை மடக்குவார். பத்தும் மடங்கியதும் மறுபடி விரிப்பார். நான் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனால், எண்ணிக்கை தவறிவிடும் என்று தலையை அசைத்து மறுப்பார். அவர் பிழைத்துக்கொண்டார். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறக்கினோம். ஓ'நீலின் மாலுமி பிழைப்பதில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: மூடுபனியைக் காட்டாதீர்கள், கேட்க வையுங்கள். பார்வை மறைந்த கடலில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீண்ட ஊதல் கொடுக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வினாடி நீளம். இது கடல் விதி. ஓ'நீல் நிமிடத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு நிமிட இடைவெளியைப் பிள்ளைகள் பொறுமையாகக் காக்க வேண்டும். பேச்சு நடுவே வந்தாலும் ஊதல் வரட்டும்.

கிண்ணியா வாசகர்:

மாலுமி ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீட்டைச் சொல்லாமல் ஓ'நீலைச் சொல்ல முடியாது.

தகப்பனார் ஜேம்ஸ் ஓ'நீல் பெரிய நடிகர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேர் எடுக்கக்கூடியவர். ஆனால் மொண்டி கிறிஸ்டோ பிரபு என்ற ஒரே வேடம் பணத்தைக் கொட்டியது. அதையே 6,000 தடவைக்கு மேல் நடித்தார் என்று சொல்வார்கள். வேறு வேடத்தில் அவரைப் பார்க்கச் சனங்களுக்கு விருப்பமில்லாமல் போய்விட்டது. தன் திறமையை விற்றுவிட்டேன் என்ற வேதனை கடைசிவரை அவருக்கு இருந்தது. தாயாரின் பெயர் எல்லா (Ella). அவர் யூஜினைப் பெற்றபின் வலிக்காகக் கொடுத்த மோர்ஃபினுக்கு அடிமையானார். தான் பிறந்ததால்தான் தாய் இப்படி ஆனார் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. அண்ணன் ஜேமி குடித்தே அழிந்தார்.

இதையெல்லாம் யூஜின் 1941இல் ஒரு நாடகமாக எழுதி முடித்தார்: 'இரவுக்குள் ஒரு நீண்ட பகற்பயணம்'. தான் இறந்து 25 வருடம் கழியும்வரை வெளியிடக் கூடாது என்று பதிப்பகத்தில் முத்திரையிட்டுக் கொடுத்தார். மனைவி கார்லொட்டா அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. 1956இல் ஸ்டொக்ஹோமில் மேடையேறியது. அடுத்த வருடம் புலிட்சரும் கிடைத்தது. ஆனால் ஓ'நீல் 1953லேயே இறந்துவிட்டார். ஒரு ஹோட்டலில் பிறந்து, பொஸ்டனில் ஒரு ஹோட்டலில் இறந்தவர். கடைசிப் பத்து வருடம் கை நடுக்கத்தால் பென்சில் பிடிக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதும் அவருக்குச் சரிவரவில்லை. எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையிலேயே தாங்க முடியாத பகுதி.

நல்ல தகப்பனாகவும் அவர் இருக்கவில்லை. மகள் ஊனா பதினெட்டு வயதில் சார்லி சப்ளினை மணந்தபோது அவளை முற்றாகவே ஒதுக்கிவிட்டார். குடித்ததையும் இதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அந்தப் பெரியவரிடமும் "ஆம், குடித்தார், பிறகு விட்டார், தன் பெரிய நாடகங்களைக் குடியை விட்டபின் எழுதினார்" என்று நேராகச் சொல்லுங்கள்.

உரிமை பற்றிக் கவலை வேண்டாம். நம் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபின் 70 வருடம்தான். அது கடந்துவிட்டது.

உவர்மலை ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை இன்று வகுப்பில் அப்படியே வாசித்தேன். விரலை மடக்கும் இடம் வந்ததும் பலர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊதல் பற்றிப் பேசும்போது ஒரு மாணவி, "ரீச்சர், செத்தவீட்டில் ஊதும் சங்கை ஊதினால் என்ன?" என்று கேட்டாள். சேமக்கலமும் சங்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கப்பல் ஊதலையும் நாம் சங்கு என்றுதானே சொல்கிறோம். ஐயா, ஒரு மாலுமியாக உங்களுக்கு இது பிழையாகப் படுமா?

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். இந்த நாடகம் முதன்முதல் 1916 ஜூலை 28ஆம் திகதி அமெரிக்கக் கடற்கரை ஊரான பிரொவின்ஸ்டவுனில் நடந்த இடம் ஒரு பழைய மீன் வாடி. இறங்குதுறையின் மேல் இருந்தது. பலகைத் தளத்தின் கீழே கடல் அடித்துக்கொண்டிருந்தது. அன்று உண்மையாகவே மூடுபனி இறங்கியிருந்தது. ஓ'நீலும் இரண்டாம் அதிகாரியாக ஒரு சின்ன வேடத்தில் நடித்தார். பின்வரிசைப் பையன் கை உயர்த்தினான். அவன் சித்தப்பாவின் வாடி வலை வைக்க மட்டும்தான் பயன்படுகிறதாம்.

பழைய மாலுமி, சீனக்குடா:

பிழையில்லை ரீச்சர். சங்கே ஊதுங்கள். ஆனால் ஊதும் பிள்ளைக்கு மூச்சு ஆறு வினாடி நிற்க வேண்டும், அதைப் பழக்குங்கள். கடைசியில் ஒருவன் ஓடிவந்து மூடுபனி விலகிவிட்டது என்று சொல்வானே, அதற்குப் பிறகு ஊதக் கூடாது.

ஒத்திகை எந்த நாள் என்று சொன்னால் வாடிக்கு வருகிறேன். அடுக்குக் கட்டிலில் நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டித்தருகிறேன்.