மார்கழிக் குளிரில் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டுவதை விடாமல் தொடர்வது எப்படி?

கேள்வி: ஊதியூர்ப் பாதை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது முன்பக்க சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) மட்டும் உள்ள எம்.டி.பி. சைக்கிள். காங்கயம், ஊதியூர்ப் பக்கத்து இட்டேரிகளிலும் (இருபுறமும் வேலி உள்ள மண்பாதைகள்) மண்தடங்களிலும் விடியற்காலையில் ஓட்டிவிட்டு வேலைக்குப் போவது என் வழக்கம். புரட்டாசி வரை ஒழுங்காகப் போகும் இந்தப் பழக்கம் ஐப்பசி மழையில் விட்டு விட்டு நடந்து, மார்கழியில் அடியோடு நின்றுவிடுகிறது. ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கிறது, பனியும் இறங்குகிறது, கூட வரும் நண்பர்கள் "தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாசியில் மறுபடியும் சைக்கிளை எடுத்தால் சின்ன மேட்டிலேயே மூச்சு வாங்குகிறது. பழைய நிலைக்கு வருவதற்குள் வெயில் காலம் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் சைக்கிளை ட்ரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) மாட்டி மிதிப்பதில் எனக்கு நாட்டமில்லை. குளிர்காலம் முழுவதும் விடாமல் ஓட்டுபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கொரங்காட்டான் (காங்கயம்)

தம்பி, நீங்கள் ஓட்டுவது எங்கள் பக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நம் பகுதியில் எம்.டி.பி. ஓட்டுவதற்கு ஆண்டிலேயே நல்ல பருவம் கார்த்திகை பாதியிலிருந்து தை முடிய உள்ள நாட்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றிவிட்டு நம் நெஞ்சில் வந்து மோதுகிறது. மேற்கே பார்த்து ஓட்டுவதே தண்டனையாகிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் செம்மண் புழுதியாகி வளைவுகளில் டயர் வழுக்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகோ, அதே செம்மண் ஈரம் வாங்கி இறுகி, டயருக்கு நல்ல பிடி கொடுக்கிறது. கொரங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்கள்) கொழுக்கட்டைப் புல் எழுந்து நிற்கிறது, வெள்வேல மரத்தடியில் மாடுகள் மேய்கின்றன. கிளுவை வேலிக்கு நடுவே போகும் தடத்தில் பனி விலகும் நேரத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, அந்த மாதத்தில் சைக்கிளை மூலையில் சாத்தி வைக்க மனம் வராது.

என் அனுபவத்தில் நம்மைக் கட்டிப்போடுவது குளிரைவிட இருட்டுதான். கோவை, திருப்பூர்ப் பகுதியில் மார்கழி விடியலில் பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கால் மணி நேரம் மிதித்தால் அது மறந்துபோகும். ஆனால் ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கே உதிக்கும் சூரியன், ஜனவரி நடுவில் 6.40 வாக்கில்தான் தலைகாட்டுகிறது. நீங்கள் அலாரத்தை மட்டும் ஆண்டு முழுவதும் ஐந்து மணிக்கே வைத்திருக்கிறீர்கள். வார நாட்களில் விடிகாலை ஓட்டத்தைக் கைவிட்டு, சனி, ஞாயிறுகளில் வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மாலையில் மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் மாதத்தில்தான், பொங்கல் வாக்கில் மாலை வெளிச்சம் இருபது நிமிடம் போலக் கூடிவிடுகிறது. கம்பெனியில் ஒரு நாள் சீக்கிரம் கிளம்ப முடிந்தாலும் ஒரு குறுகிய சுற்று போய்வரலாம்.

தடத்தையும் பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கரிசல் மண் உள்ள பக்கம் மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்க்காதீர்கள்; மண் டயரில் ஒட்டி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு நடுவில் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். சரளை கலந்த செம்மண் தடம் சீக்கிரம் காய்ந்துவிடும். யாருடைய கொரங்காட்டுக்குள் போவதாக இருந்தாலும் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். அதை நாம் ஒழுங்காகச் செய்தால்தான் அடுத்து வருபவரையும் உள்ளே விடுவார்கள்.

பதில்: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அண்ணா சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆனால் இதைப் படிக்கும் கோவைக்காரர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆனைகட்டி, மருதமலை அடிவாரப் பக்கம் ஓட்டுபவர்கள் விடிவதற்கு முன் கிளம்பவே கூடாது. இரவில் தோட்டங்களுக்குள் இறங்கும் யானைகள் விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்புகின்றன. பனிமூட்டத்தில் சாலையோரம் நிற்கும் யானை கிட்டே போகும் வரை கண்ணுக்குத் தெரியாது, சைக்கிளில் சத்தமும் இல்லாததால் அதுவும் திடுக்கிடும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். நானும் என்னுடன் வரும் பெண்களும் நன்றாக விடிந்து ஊர் விழித்த பிறகே பேரூரிலிருந்து கிளம்புகிறோம், அடிவாரத்தை ஒட்டாத தடங்களில் மட்டும் ஓட்டுகிறோம்.

ஊக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தனியாக இருக்கும்போது மனம் ஆயிரம் சாக்கு சொல்லும். பேரூர்ப் படித்துறையில் ஒருத்தி நமக்காகக் காத்து நிற்கிறாள் என்றால் போர்வை தானாக விலகும். எங்கள் குழுவில் வருவதாகச் சொன்னவர் வரமுடியாமல் போனால், முந்தைய இரவு ஒன்பது மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஓட்டி முடித்தபின் யாராவது ஒருவர் வீட்டில் சந்தவையும் (இடியாப்பம் போன்ற பலகாரம்) தேங்காய்ப்பாலும் உண்டு. அதற்காகவே வருபவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

பதில்: கோபிக்காரன் (கால்கரி, கனடா)

சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். இங்கே டிசம்பரில் எட்டரை மணிக்கு விடிந்து நாலரை மணிக்கு இருட்டிவிடும். தண்ணீர் பாட்டிலே உறைந்துபோகும். ஆனாலும் நாலு அங்குல அகல டயர் போட்ட ஃபேட் பைக்கில், காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கிக்கொண்டு பனியில் ஓட்டுகிறோம். பனிக்கட்டி படிந்த இடத்துக்கு ஆணி பதித்த டயர் வேண்டும். இங்கே கற்றுக்கொண்டதில் உங்களுக்கு உதவக்கூடியது இரண்டுதான். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கனமாக உடுத்திக்கொண்டு போனால் முதல் மேட்டில் வியர்த்து, இறக்கத்தில் அந்த ஈரமே உடம்பை நடுங்க வைக்கும். நம் ஊருக்குக் காற்றுப் புகாத ஒரு மெல்லிய கையில்லா ஜாக்கெட்டும், பிரேக் பிடிக்கும் விரல்கள் விறைக்காமல் இருக்க முழுவிரல் கையுறையும் போதும்.

மற்றொன்று, குளிர்காலத்தில் தூரக் கணக்கை மறந்துவிட்டு, கைத்திறனைத் தீட்டிக்கொள்வது. கால் ஊன்றாமல் நின்ற இடத்தில் சமநிலை காப்பது, குறுகிய இடத்தில் திரும்புவது, முன்சக்கரத்தைத் தூக்கிக் கல்லைத் தாண்டுவது, இவற்றுக்கு வீட்டு வாசலும் அரை மணி நேரமும் போதும். நேற்று முடியாத ஒன்று இன்று முடிந்துவிட்டால், நாளைக்குச் சைக்கிளை எடுக்க யாரும் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓட்டுகிறேன். தண்ணீர் ஓடும் மாதங்களில் இருட்டில் மட்டும் கரையோரம் போகாதீர்கள், இழுப்பு அதிகம்.

கேள்வி கேட்டவர்: ஊதியூர்ப் பாதை

அனைவருக்கும் நன்றி. கொரங்காட்டான் அண்ணா, மழைக்குப் பிறகு என்னை மிகவும் சோர்வடையச் செய்வது பஞ்சர். வேலிமுள்ளும் நெருஞ்சியும் வாரம் தவறாமல் டியூபைக் கிழிக்கின்றன. இதற்கு வழி உண்டா?

பதில்: கொரங்காட்டான்

உண்டு தம்பி. டயரும் ரிம்மும் ஏற்றதாக இருந்தால் டியூப்லெஸ்ஸாக (டியூப் இல்லாத டயராக) மாற்றி, உள்ளே சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொள்ளுங்கள். நெருஞ்சி குத்தினால் அந்த ஓட்டையைச் சீலண்டே அடைத்துவிடும். நம் வெப்பத்தில் அது சீக்கிரம் காய்ந்துபோவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். பெரிய வேலாமுள் பக்கவாட்டில் கிழித்தால் சீலண்ட் தாங்காது; எனவே மாற்று டியூப் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஓட்டி வந்ததும் செயினைப் பழைய பனியன் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள், அதிவேகத் தண்ணீரைப் பேரிங் மேல் அடிக்காதீர்கள். சைக்கிள் தயாராக நின்றாலே காலையில் பாதிச் சோம்பல் போய்விடும்.

வருகிற ஞாயிறு நான் சிவன்மலை அடிவாரத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். தைப்பூசத்துக்கு நெருங்கிய நாட்களில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் தார்ச்சாலை முழுக்க இருக்கும் என்பதால் இட்டேரி வழியாகவே போகிறேன். வருவதாக இருந்தால் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். டியூப்லெஸ் வால்வு ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.