‘கேஷ்’ என்ற சொல்லோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன? – அனுபவப் பகிர்வு

காரைக்குடி உறுப்பினர்:
31 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்த நான், கேஷ் என்பது நம் காசுதான் என்று கவுண்டருக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையோடு சொல்லி வந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், கல்விக் கடன் தவணை கட்ட வந்த மாணவி கைப்பேசியில் அகராதியைத் திறந்து, “ஐயா, இது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்ததாம், மூலமான லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் பெட்டி என்று பொருளாம்” என்று தணிந்த குரலில் படித்துக் காட்டினார். அப்போது என் கையில் இருந்தது பணப்பெட்டியின் சாவி. பதில் சொல்லாமல் ரசீதை நீட்டியது இன்றும் உறுத்துகிறது.

தேவகோட்டை உறுப்பினர்:
மாணவி முதல் பதிவோடு நிறுத்திவிட்டார். அதே எழுத்துகளில் இன்னொரு சொல் அகராதியில் தனியாக உண்டு. அது நம் காசேதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர், செப்புக்காசு ஒன்றை வேட்டி நுனியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும் இருந்தன. மறுபுறம் பாரசீக வரிகளுக்குக் கீழே, ரோமன் எண்ணில் இருபது ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. 80 காசு ஒரு ‘பணம்’ என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம் என்று சென்னையில் கணக்கு நடந்த காலத்து நாணயம் அது. வாங்காமல் வந்துவிட்டேன்.

பள்ளத்தூர் உறுப்பினர்:
தேவகோட்டையார் சொல்வது உண்மை; ஆனால் அதைக் கொண்டு காரைக்குடியாரின் பழைய கூற்றை நிலைநாட்ட முடியாது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் பெட்டியிலிருந்து வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த கேஷ் காசிலிருந்து வந்தது, துளையிட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அந்தப் பெயரையே வழங்கினார்கள். குழப்பத்துக்கு இடம் போர்த்துகீசிய மொழியில் இருக்கிறது: நம் காசை அவர்கள் ‘காய்ஷா’ என்றார்கள், பெட்டிக்கும் அவர்களிடம் அதுவே சொல். ஆகவே பட்டிமன்றத்திலும் பள்ளி விழாவிலும் பேசுகிறவர்கள், ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை உரிமை கொண்டாடாமல், அது எந்த மொழி வழியாக, எந்தப் பொருளில் போயிற்று என்பதைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய மூன்றும் ஐயமின்றி நம்மிடமிருந்து போனவை, அவற்றைச் சொல்லலாம்.

என் அனுபவம் சிறியது. எங்கள் ஐயா ரங்கூனில் நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கியில், பெட்டியடியில் (பணப்பெட்டி அருகே) உட்கார்ந்து கணக்குப் பழகியவர். அவருடைய தேக்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டு வளவில் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் மஞ்சளால் எழுதிய ‘உ’ மங்கித் தெரிகிறது. காரைக்குடி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று இரவு அதைத் திறந்து பார்த்தேன்.