தாத்தாவின் பெட்டியில் பெங்குவின் புத்தகங்கள்: ஆலன் லேன் பற்றிச் சொல்லுங்கள்

ஜெலுத்தோங் வாசகி:

வணக்கம். பினாங்கில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு சின்ன வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். இந்த மாதம் பத்து நிமிடம் பேச வேண்டியது என் முறை.

தாத்தா கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். பாட்டி பூட்டியே வைத்திருந்த அவருடைய தகரப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். பூச்சி அரித்தது போக 11 ஆங்கிலப் புத்தகங்கள் தேறின. எல்லாம் சட்டைப் பையில் நுழையும் அளவு. ஆரஞ்சு அட்டை, பச்சை அட்டை, ஒன்று மட்டும் வெளிர் நீலம். ஒன்றின் உள்பக்கத்தில் தாத்தா பென்சிலால் "சௌரஸ்தா, 80 காசு" என்று எழுதியிருக்கிறார்.

இவற்றைப் போட்டவர் ஆலன் லேன் என்றும், ரயில் நிலையத்தில் படிக்க ஒன்றும் கிடைக்காத கோபத்தில் பெங்குவின் பதிப்பகத்தைத் தொடங்கினார் என்றும் படித்தேன். இதையே பேசினால் போதுமா?

பிறை பையன்:

பெட்டியை விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் அக்கா.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

விற்காதீர்கள் தங்கச்சி. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் கிளறியே பாதிச் சம்பளத்தைத் தொலைத்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஸ்டேஷன் கதை லேனே சொல்லி வந்தது. 1934-இல் இங்கிலாந்தின் டெவனில், துப்பறியும் நாவல் எழுதிய அகதா கிறிஸ்டி வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், எக்ஸிட்டர் நிலையத்தில் உருப்படியாக ஒரு புத்தகம் இல்லையாம். சொல்லுங்கள், கூட்டம் ரசிக்கும். ஆனால் ரயிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர்கள் லட்சம் பேர். மலிவான காகித அட்டைகூட அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவில் அல்பட்ராஸ் என்ற பதிப்பகம் 1932-லேயே நிறத்துக்கு ஒரு வகை என்று போட ஆரம்பித்துவிட்டது. பறவைப் பெயர் வைத்ததுகூட அவர்கள்தான் முதலில்!

லேன் பெரிய படிப்பாளி இல்லை. 1902-இல் பிரிஸ்டலில் பிறந்தபோது அவர் பெயர் ஆலன் லேன் வில்லியம்ஸ். லண்டனில் போட்லி ஹெட் பதிப்பகம் நடத்திய உறவினர் ஜான் லேனுக்குப் பிள்ளை இல்லை. இவர் 1919-இல் அங்கே வேலைக்குச் சேர, குடும்பமே லேன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. கிட்டத்தட்ட நம் ஊர்ச் சுவீகாரம் மாதிரிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1935 ஜூலை 30 அன்று முதல் பத்துப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஆறு பென்ஸ். அன்றைக்கு ஒரு புது நாவல் ஏழரை ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்), அதாவது 15 மடங்கு. ஆறு பென்ஸுக்குப் பத்து சிகரெட் வாங்கலாம். ஒவ்வொரு தலைப்பும் ஏறக்குறைய 17,500 பிரதி விற்றால்தான் கைமுதல் திரும்பும், புத்தகக் கடைக்காரர்களோ முகத்தைச் சுளித்தார்கள். லேன் எங்கே போனார் தெரியுமா? உல்வொர்த்துக்கு. சீப்பு, கண்ணாடி, ஊசி நூல் என்று எல்லாவற்றையும் ஆறு பென்ஸுக்குள் விற்ற கடை அது. கொள்முதல் அதிகாரிக்கும் முதலில் பிடிக்கவில்லை. அந்நேரம் உள்ளே வந்த அவர் மனைவி பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாராம். 63,500 பிரதிகளுக்கு ஆர்டர். பெங்குவின் பிழைத்தது அந்த ஒரு தாளில்.

ஆரம்பக் கிடங்கு ஒரு தேவாலயத்துக்கு அடியில் இருந்த கல்லறை அறை. தெருவிலிருந்து புத்தகக் கட்டுகளை இறக்கக் கேளிக்கைச் சந்தையின் சறுக்குமரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள்.

உங்கள் வெளிர் நீலம் பெலிக்கன் வரிசையாக இருக்க வேண்டும். அது 1937-இல் வந்தது, அறிவுத்துறை நூல்களுக்காக. அதன் முதல் பதிப்பாசிரியர் யார்? மதராஸ் மாநிலக் கல்லூரியில் படித்த வி. கே. கிருஷ்ண மேனன், பிறகு இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரானாரே, அவரேதான். லேனோடு அதிக நாள் ஒத்துப்போகவில்லை.

அப்புறம் 1960 வழக்கு. 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை முழுமையாக அச்சிட்டு மூன்றரை ஷில்லிங்குக்கு விற்கத் தயாராக வைத்திருந்தார்கள், இரண்டு லட்சம் பிரதி. ஆபாசம் என்று அரசு வழக்குப் போட்டது. உங்கள் மனைவியோ வேலைக்காரரோ படிக்க விரும்புவீர்களா என்று அரசு வக்கீல் ஜூரிகளைக் கேட்டார். விலை அதிகமாக இருந்தால் வேலைக்காரர் நினைவு அவருக்கு வந்திருக்குமா என்ன! நவம்பர் 2-இல் குற்றமில்லை என்று தீர்ப்பு.

இதே லேன் சில வருடம் கழித்து, தன் பதிப்பகமே போட்ட சீனே என்ற பிரெஞ்சுக்காரரின் கேலிச்சித்திரத் தொகுப்பு பிடிக்காமல், ராத்திரியோடு ராத்திரியாகக் கிடங்குக்குப் போய்ப் பிரதிகளை அள்ளிவந்து எரித்துவிட்டார். எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. 1970-இல் காலமானார். இதையும் சொல்லுங்கள், வெறும் புகழ்மாலையாக வேண்டாம்.

ஜெலுத்தோங் வாசகி:

ரொம்ப நன்றி சார். நீல அட்டையில் பெலிக்கன்தான், பறவையைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்! உல்வொர்த் கதை எங்களுக்கே உறைக்கிறது. வட்டத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வரப்போகிறது. வழக்கம்போல மண்டபம், மாலை, முதல் நூல் வாங்க ஒரு பிரமுகர், உறையில் ஆயிரம் வெள்ளி என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். மிச்சப் பிரதிகள் செயலாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போகும்.

செந்தூல் அச்சுக்காரன்:

கட்டிலுக்கு அடியில் போவதை நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன் தங்கச்சி. 500 பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலையே கையைக் கடிக்கும். ஆறு பென்ஸ் வித்தை ஆயிரக்கணக்கில் அடிப்பவருக்குத்தான். அதனால் பிரமுகரின் உறையை நான் குறை சொல்ல மாட்டேன், அச்சுக்கூலி அதில்தான் வருகிறது.

ஆனாலும் ஒருமுறை கைக்காசில் 48 பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம் போட்டு, ஐந்து வெள்ளி என்று இங்கே கோலாலம்பூரில் மூன்று இடத்தில் வைத்தேன். மளிகைக் கடையில் வைத்தது மஞ்சள் தூள் கறையோடு அப்படியே திரும்பி வந்தது. சாப்பாட்டுக் கடை கல்லாப் பக்கத்தில் நாலு போயிற்று. முடிதிருத்தும் கடையில் வைத்த முப்பதும் காலி. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டுமே. மிச்சக் கதையை வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போனவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இன்னும் காசு தரவில்லை.