அக்ஸியோ ஹைபிரிட்டா, கிரேஸ் ஹைபிரிட்டா? கொழும்பு நெரிசலும் ஏ9 ஓட்டமும்

காலிவீதி:

வணக்கம் அண்ணாமார். பாவித்த ஹைபிரிட் செடான் ஒன்று தேடிக் கடைசியாக இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று ரொயோட்டா அக்ஸியோ, மற்றது ஹொண்டா கிரேஸ். இரண்டும் 2015–2017 தயாரிப்பு.

ஓட்டம் இப்படி: கிழமை நாட்களில் வெள்ளவத்தை – கோட்டை போய் வர (மாதம் 400 கிமீ வரும்), மாதம் ஒருக்கால் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய் வர (800 கிமீ), வருடத்தில் இரண்டு தரம் நுவரெலியாப் பக்கம்.

லீற்றருக்கு அக்ஸியோ 33 கிமீ, கிரேஸ் 34 கிமீ என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஊர்ந்து போகும் இடத்தில் எது சுகம்? கிரேஸின் கியர்பொக்ஸ் பற்றி எல்லோரும் பயம் காட்டுகிறார்கள், அதில் எவ்வளவு உண்மை? பார்க்கப் போகும்போது எதை முதலில் பார்ப்பது?

ஒயில்கறை:

தம்பி, 33, 34 எல்லாம் ஜப்பானின் ஜேசி08 சோதனைக் கணக்கு. 20 நிமிடம், எட்டுக் கிலோமீற்றர் சொச்சம், சராசரி வேகம் மணிக்கு 24 கிமீ அளவு, உச்சம் 82ஐத் தாண்டாது. ஏசி போடாமல், உருளைக்கு மேல் வைத்து ஓட்டுவது. எங்கடை வெயிலுக்கு அது செல்லாது. இரண்டு காரிலும் ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது. அதனால் எஞ்சின் நின்றாலும் குளிர் வரும். ஆனால் அந்த மின்சாரம் பெரிய பற்றரியிலிருந்து போகிறது. பற்றரி இறங்கினதும் எஞ்சின் எழும்பிச் சார்ஜ் ஏற்றும். பம்பலப்பிட்டியில் மூன்று சிக்னல் தள்ளி நிற்கிறபோது பெற்றோலை ஏசிதான் குடிக்கிறது.

நல்ல நிலையில் உள்ள அக்ஸியோ, நகருக்குள் ஏசியோடு லீற்றருக்கு 19ஐ ஒட்டி, ஏ9இல் 70 கிமீ வேகத்தில் 24ஐ ஒட்டித் தரும். கிரேஸ் நகருக்குள் ஒரு இரண்டு குறையும், நெடுந்தூரத்தில் வித்தியாசம் தெரியாது. உங்கள் ஓட்டத்துக்குப் போட்டுப் பாருங்கோ. அக்ஸியோ: 400/19 = 21 லீற்றர், 800/24 = 33 லீற்றர், மொத்தம் 54. கிரேஸ்: 23.5 + 33, மொத்தம் 57க்குள். மாதம் இரண்டரை லீற்றருக்காகக் கார் தெரிவு செய்யத் தேவையில்லை. ஓட்டுகிற விதமும் பற்றரி, கிளட்ச் நிலையும்தான் கணக்கு.

இனி ஓட்டத்துக்கு வருவம். அக்ஸியோவில் 1.5 லீற்றர் எஞ்சின் 74 குதிரைவலு, மோட்டர் 61, சேர்ந்து 100. எஞ்சினையும் இரண்டு மோட்டரையும் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. கியர் மாறுவது என்று ஒன்றில்லை, கிளட்சும் இல்லை. ஆகவே ஊர்ந்து போவதால் அதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் அது பட்டு மாதிரிப் போகும். அக்சிலேற்றரை ஆழ மிதித்தால்தான் குறை தெரியும்: எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், கார் பின்னாலே ஆறுதலாக வேகம் பிடிக்கும். பழுது என்று நினைத்துக் கராஜுக்குக் கொண்டுபோகிற ஆட்களும் உண்டு. அதன் இயல்பே அதுதான்.

கிரேஸில் எஞ்சின் 110 குதிரைவலு, மோட்டர் 29.5, சேர்ந்து 137. ஏழு கியர், இரண்டு உலர் கிளட்ச். மோட்டர் 1, 3, 5, 7 கியர் இருக்கிற தண்டில் கோர்த்திருக்கிறது. பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை ஊர்வதை மோட்டரே பார்த்துக்கொள்ளும். சார்ஜ் கீழே போனால் எஞ்சின்தான் காரை அசைக்க வேண்டும். நடை வேகத்தில் எஞ்சின் ஓட, கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்க வேண்டும். உலர் கிளட்ச் என்றபடியால் குளிராக்க ஒயில் இல்லை. சூடு ஏறும், முதலாம் இரண்டாம் கியருக்கு இடையில் உதறும், கடைசியில் கியர்பொக்ஸ் சூடு என்று மீற்றரில் எச்சரிக்கை வரும். பயம் காட்டுகிற ஆட்கள் முழுப் பொய் சொல்லவில்லை.

உங்கள் ஓட்டத்தில் தினசரிப் பாடு நெரிசல். அதனால் என் கை அக்ஸியோவுக்கு.

ஏழாம்கியர்:

மேலே சொன்னது தொழில்நுட்பமாகச் சரி, ஆனால் கிரேஸுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி அதற்கு உரியது இல்லை. இதே கியர்பொக்ஸோடு 2013இல் ஹொண்டாவின் ஃபிட் 3 ஹைபிரிட் வந்தது, பிறகு வெஸல். 2014 முடிவதற்குள் ஹொண்டா அவற்றைத் திருத்துவதற்குப் பல தரம் திரும்ப அழைத்தது (ரீகோல்), அதில் பெரும்பகுதி கியர்பொக்ஸை இயக்குகிற சொஃப்ற்வெயார். கிரேஸ் ஜப்பானில் வெளிவந்தது 2014 டிசம்பரில், அந்தத் திருத்தங்களுக்குப் பிறகு. அந்த நாளைய ஃபிட்டின் கதையை 2016 கிரேஸின் தலையில் கட்டக்கூடாது.

மிச்சம் ஓட்டுகிற விதம். முன்னால் நிற்கிற காருக்கும் உங்களுக்கும் இரண்டு கார் இடைவெளி வரவிட்டுப் பிறகு ஒரே தரமாக நகருங்கோ. ஒவ்வொரு அடியாக ஊர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச் பிடித்து விடுகிறது. ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது அக்சிலேற்றரால் காரைப் பிடித்து வைக்கவே வேண்டாம், பிரேக்கில் நில்லுங்கோ. கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டுப்பட்ட கிரேஸ்களில் கிளட்ச் வேகிறது இந்தப் பழக்கத்தால்தான். எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டு ஆற விடுங்கோ. தொடர்ந்து மிதித்தால் கிளட்ச் செட் போகும், அது சின்னச் செலவு இல்லை.

இனி அக்ஸியோ ஆட்கள் சொல்லாத பக்கம். ஏ9இல் பஸ் ஒன்றை முந்த வேண்டும் என்றால், வலது பக்கம் வந்த பிறகு அந்த 100 குதிரைவலு போதாது என்று தெரியும். கிரேஸில் எஸ் (ஸ்போர்ட்) பட்டனை அமத்திவிட்டு மிதித்தால் கியர் இறங்கி உடனே இழுக்கும், முந்தின பிறகு மறக்காமல் பட்டனை எடுத்துவிடுங்கோ. இன்னொன்று, கிரேஸ் நல்ல வேகத்தில் போகும்போதும் கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டரில் மிதக்கும். அக்ஸியோவில் ஏறத்தாழ 70க்கு மேல் போனால், பெற்றோல் எரியாவிட்டாலும் எஞ்சினைச் சுழல வைத்தாக வேண்டும், ஒரு மோட்டரின் வேக எல்லை அப்படி. மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்து நேர் வீதியில் அக்ஸியோவை 65–68இல் பிடித்து வைக்கிறவர்களுக்கு நல்ல கணக்கு வருவது இதனால்தான்.

பின் சீற்றில் கால் வைக்க இடம் கிரேஸில் கூட. சக்கர இடைத்தூரம் இரண்டிலும் 2600 மிமீதான், உள்ளுக்குப் பிரித்த விதம் வேறு. குழி விழுந்த வீதியில் அக்ஸியோ மெத்தை, கிரேஸ் கொஞ்சம் இறுக்கம்.

நீலக்கம்பி:

எந்தக் கார் என்பதை விட எந்த நிலையில் உள்ள கார் என்பதுதான் காசு. பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது இது.

விற்கிறவரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கோ, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. குளிர் எஞ்சின் எழும்புகிற நேரம் சத்தம் கேட்க வேண்டும். ஒரு நிமிடம் உதறிவிட்டுச் சரியானால் சிலிண்டருக்குள் கூலன்ற் கசிகிறதா, ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் திருப்பி விடுகிற) வழி கரி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பிக்க வேண்டும்.

அக்ஸியோவில் பற்றரி நிக்கல் வகை, 144 வோல்ற். ஓபிடி அடப்ரரை (காரின் கணினியை வாசிக்கிற சின்னக் கருவி) மாட்டி, டாக்டர் பிரியஸ் போன்ற அப் ஒன்றில் ஒவ்வொரு புளொக்கின் (செல்கள் சேர்ந்த கட்டு) வோல்ற்றேஜையும் பாருங்கோ. சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் காட்டும், ஏமாற வேண்டாம். ஆள் ஒருவரை ஓட விட்டு, ஏற்றத்தில் மிதிக்கிற நேரம் பாருங்கோ. ஒரு புளொக் மட்டும் மற்றதை விட 1 வோல்ற்றுக்கு மேல் கீழே விழுந்தால் அந்தப் பற்றரிக்கு நாள் எண்ணலாம். அப் இல்லாவிட்டால் டாஷ்போட்டில் பற்றரிக் கோடுகளைப் பாருங்கோ: ஒரு சிக்னலுக்குள் மளமள என்று இறங்கி, ஓடின உடனே மளமள என்று ஏறினால் கொள்ளளவு போய்விட்டது.

“புதுப் பற்றரி போட்டது” என்றால் பற்றுச்சீட்டைக் கேளுங்கோ. பழுதான செல்லை மட்டும் கழற்றி, வேறு காரின் பழைய செல்லைப் போட்டு விற்பது இங்கே சாதாரணம். பழையதும் புதியதும் கலந்தால் சில மாதத்தில் அடுத்த செல் விழும், பிறகு அதற்கடுத்தது.

பின் சீற் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் இருக்கு. அதைப் பையாலோ துவாயாலோ மூடி ஓடினது, விசிறியில் நாய்மயிரும் தூசியும் அடைத்தது, இதுகள்தான் பற்றரியைக் கொல்லுவது. விசிறி இரைந்து சுற்றுகிறது என்றால் கழற்றித் துப்புரவாக்குங்கோ, அரை நாள் வேலை.

பிரேக்: அக்ஸியோவில் கார் ரெடியில் (ஓடத் தயாராக) நிற்கும்போது மிதிக்காமலே பம்ப் அடிக்கடி உர்ர் என்று ஓடினால் அழுத்தச் சேமிப்பான் கசிகிறது. முழு அலகையும் மாற்றச் சொல்வார்கள், பற்றரிக்கு அடுத்த பெரிய செலவு அதுதான்.

கிரேஸ் என்றால் பற்றரியைக் கீழே இறக்கிவிட்டு, அதாவது ஏசியைக் கூட்டி நிறுத்தி வைத்துவிட்டு, 15–20 நிமிடம் நெரிசலில் நடை வேகத்தில் ஓடுங்கோ. ரெஸ்ற் ட்ரைவுக்கு வெறும் வீதியில் கூட்டிப்போனால் எந்தக் கிரேஸும் நல்ல கிரேஸ்தான். உதறல் இலேசாக இருந்தால் ஹொண்டாவின் கருவியால் கிளட்ச் பிடிக்கிற புள்ளியை மீளக் கற்பித்துச் சரிசெய்யலாம். அதற்குப் பிறகும் உதறினால் தேய்வு. கியர்பொக்ஸ் ஒயில் மாற்றும்போது கைநூலில் உள்ள வகைதான், சிவீரி (கியர்ப் படி இல்லாத வேறு வகைக் கியர்பொக்ஸ்) ஒயிலை ஊற்றுகிற கராஜுகளும் இருக்கு, கவனம்.

ஜப்பான் ஏலத் தாளில் (அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதின தாள்) உள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்காதேங்கோ.

மலைப்பாதை:

நுவரெலியா பற்றி ஒருவரும் சொல்லவில்லை. றம்பொடையால் இறங்கும்போது பிரேக் மிதிக்க மிதிக்கப் பற்றரி நிரம்பும். நிரம்பின பிறகு மோட்டர் பிரேக் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் கட்டைகளின் மேல் விழும். ஆகவே இறக்கம் தொடங்கும்போதே கியர் லீவரை அக்ஸியோவில் பி, கிரேஸில் எல் என்ற இடத்தில் போடுங்கோ. மட்டமான வீதியில் அதே பியில் ஓடுவது பெற்றோல் நட்டம், சிலர் “சார்ஜ் கூட ஏறும்” என்று அதில் விட்டே ஓடுகிறார்கள்.

அக்ஸியோவுக்கு இன்னொரு குணம்: பின்னால் எடுக்கும்போது எஞ்சின் சக்கரத்துக்குத் தள்ளாது, மோட்டர் மட்டும்தான். செங்குத்தான வாசலில் முழு ஆட்களோடு றிவேர்ஸ் ஏற்ற வேண்டிய வீடு என்றால் அந்த வாசலிலேயே ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கோ.

“ரொயோட்டா பிரீமியோ ஹைபிரிட் இருக்கு” என்று யாராவது சொன்னால் ஓடுங்கோ. பிரீமியோ, அலியன் இரண்டிலும் ஹைபிரிட் வந்ததே இல்லை.

காலிவீதி:

எல்லோருக்கும் நன்றி. அக்ஸியோ பக்கம் சாய்கிறேன். 92 போதுமா, 95 அடிக்க வேண்டுமா? பெற்றோல் கணக்கை மீற்றரில் வருகிறபடி நம்பலாமா?

ஒயில்கறை:

92 போதும். இரண்டும் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்குச் செய்தது, அதன் ஒக்ரேன் அளவே 90ஐ ஒட்டினது. 95க்குக் கொடுக்கிற மேலதிகக் காசுக்கு ஈடாக ஒன்றும் திரும்பி வராது. அந்தக் காசில் 0டபிள்யு-20 எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கோ, ரயர் காற்றைக் கதவோரத்து ஸ்ரிக்கரில் உள்ளபடி குளிர் ரயரில் பாருங்கோ.

மீற்றர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஒரே பெற்றோல் ஷெட்டில், ஒரே பம்பில், முதல் தானாக நிற்கிற இடத்தோடு நிறுத்தி நிரப்புங்கோ, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கோ. அடுத்த தரம் அதேபோல் நிரப்பி, ஓடின கிலோமீற்றரை ஊற்றின லீற்றரால் பிரியுங்கோ. அக்ஸியோவின் தாங்கி 36 லீற்றர்தான், ஒரு தரம் கணித்தால் பிழை கூட வரும், நாலு நிரப்பலைக் கூட்டிப் பிரியுங்கோ. யாழ்ப்பாண ஓட்டத்தையும் கொழும்பு ஓட்டத்தையும் ஒரே தாங்கியில் கலக்க வேண்டாம்.