6 மாசத்தில் 3 மாசத்தை மட்டும் நிறுத்தி வைப்பாங்களா? அவசரம்

பல்லடம்தறி: மச்சானுக்கு நேற்று கோர்ட்டில் 6 மாதம் ஜெயில் தண்டனை போட்டுவிட்டார்கள். பாதியை உள்ளே இருந்து கழித்துவிட்டு மீதியை நிறுத்தி வைக்கக் கேட்கலாம் என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்கிறார். உண்மைங்களா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சீர் வேறு இருக்கிறது.

காங்கயத்தான்: என்ன வழக்குங்க? இப்போது உள்ளேயா வெளியேயா?

பெருந்துறைப்பையன்: கேட்கலாம். எங்க ஊரில் ஒருத்தரை 40 நாளில் விட்டார்கள். மீதியை நிறுத்தி வைத்ததுதான். பிரான்சில் சட்டமே அப்படி இருக்கிறது.

படியேறியவன்: பிரான்சில் இருக்கிறது, பல்லடத்தில் இல்லை. இங்கிலாந்தில்கூட 1982-இல் கொண்டுவந்து, 1991 சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். உங்க ஊர்க்காரருக்கு நடந்தது வேறு: அப்பீலில் 'இதுவரை இருந்த நாட்கள் போதும்' என்று தண்டனையையே குறைத்திருப்பார்கள். குறைப்பது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. இதை எத்தனை தடவைதான் எழுதுவது?

காங்கயத்தான்: அண்ணா, அவர் பதறிப்போய்க் கேட்கிறார், கொஞ்சம் பதமாகச் சொல்லுங்க.

பல்லடம்தறி: செக் கேஸ்ங்க. பாவு நூல் வாங்கின பாக்கி 4 லட்சம். ஆள் வீட்டில்தான் இருக்கிறார், முதலிலிருந்தே ஜாமீன்.

படியேறியவன்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன! வீட்டில் இருக்கிறார் என்றால் நேற்றே 6 மாதத்தையும் நிறுத்தி வைத்தாகிவிட்டது. ஜாமீனில் இருப்பவருக்கு 3 வருஷத்துக்குள் தண்டனை என்றால், அப்பீல் போட அவகாசம் கொடுத்துத் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே விட்டுவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 389(3), இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 430. 30 நாளைக்குள் திருப்பூர் செஷன்ஸில் அப்பீல் போட்டு, கூடவே தண்டனையை நிறுத்தி வைக்க மனுவும் போடுங்கள். அங்கேயும் பாதிப் பேச்சே இல்லை, அப்பீல் முடியும்வரை முழுசும் நிற்கும். இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம். 4 லட்சமும் இழப்பீடு என்றால் 80,000. 60 நாள் தவணை, காரணம் சொன்னால் இன்னும் 30.

காங்கயத்தான்: 20 கட்டாயம் இல்லைங்க. நியாயமான காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

படியேறியவன்: விதிவிலக்கு என்றுதான் சொன்னது. கையில் 80,000 இல்லாமல் விதிவிலக்கை நம்பிப் போக வேண்டாம்.

பெருந்துறைப்பையன்: எதற்கு அப்பீல்? நூல்காரர்கள் கையெழுத்து மட்டும் போட்ட வெறும் செக்கை வாங்கி வைத்து அவர்களே தொகையை எழுதிக்கொள்கிறார்கள். அது செல்லாது என்று அடித்துப் பேசினால் போதும்.

படியேறியவன்: செல்லும் தம்பி. 2019 தீர்ப்பு இருக்கிறது. வேறொருத்தர் எழுதி நிரப்பினாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. கடன் இல்லை என்றால் அதை அவர்தான் காட்ட வேண்டும்.

பெருந்துறைப்பையன்: செக் கொடுக்காமல் இந்தப் பக்கம் எவன் நூல் கொடுக்கிறான்? நீங்கள் தறி ஓட்டியிருக்கிறீர்களா?

படியேறியவன்: எங்க அப்பா 8 தறி ஓட்டினார். எல்லாம் ரொக்கம்.

பெருந்துறைப்பையன்: அது அந்தக் காலம்ங்க.

காங்கயத்தான்: சண்டையை விடுங்க. பல்லடத்தாரே, நூல்காரரோடு பேசிப் பாருங்கள். அப்பீல் நடக்கும்போதும் ராஜி ஆகலாம், தண்டனையே போய்விடும். தீர்ப்பில் இழப்பீடு எவ்வளவு போட்டிருக்கிறது? கட்டாவிட்டால் எத்தனை மாதம்?

பல்லடம்தறி: *(9 நாள் கழித்து)* அப்பீல் போட்டாச்சுங்க. 20 கட்டச் சொல்லிவிட்டார்கள். சீர் நல்லபடியாக முடிந்தது.

காங்கயத்தான்: சந்தோசம்ங்க. ராஜி பேசினீர்களா?