உம்மாவுக்கு இடுப்பு வலி, பின் சீட்ல அலுங்காம போற கார் எது? கீழக்கரை டு மதுரை

கீழக்கரைக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. எங்க உம்மாவுக்கு வயசு 67, இடுப்புல எல்4 எல்5 டிஸ்க் பிரச்சன, மாசம் ஒரு தடவ மதுரைக்கு காட்டப் போகணும், திருப்புல்லாணி ராமநாதபுரம் பரமக்குடி வழியா சுமாரா 130 கிலோமீட்டர் வருது, எங்கிட்ட இருக்கறது ஒரு சின்ன எஸ்யூவி, பேரு வேணாம், ஆறு வருச வண்டி. ஓட்டுற எனக்கு ஒரு குறையும் தெரியல ஆனா பின்னாடி உக்கார்ற உம்மா பரமக்குடி தாண்டுறதுக்குள்ள சோர்ந்து போயிடுறாங்க. வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, ஜன்னலுக்கு மேல இருக்க கைப்பிடிய புடிச்சிருப்பாங்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த கை இறுகுறத கண்ணாடில பாக்குறேன், மனசு கேக்கல. திரும்பி வந்தா ரெண்டு நாள் படுக்க. வண்டிய மாத்திரலாம்னு முடிவு பண்ணிட்டேன், செகண்ட்ஸ்தான், பட்ஜெட் 12 லட்சம். ஓட்டுறதுக்கு நல்ல கார் எதுன்னு எல்லாரும் சொல்றாங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்கு நல்ல கார் எதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. சொல்லுங்க ப்ளீஸ்.

ராமேஸ்வரம் டாக்ஸி:
தம்பி, 19 வருசமா யாத்திரைக்காரங்கள ஏத்திட்டு ஓடுறேன், பாதிப்பேரு வயசானவங்கதான். என் அனுபவத்துல சொல்றேன், பெரியவங்களுக்கு மொத எதிரி குலுக்கல் இல்ல, ஏறி இறங்குறது. சீட்டு ரொம்ப தாழ்வா இருந்தா குனிஞ்சு விழணும், ரொம்ப உசரமா இருந்தா கால தூக்கி ஏறணும், ரெண்டுமே இடுப்ப புடிக்கும். கதவ தொறந்து உம்மாவ பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, சீட்டு அவங்க முட்டிக்கு கொஞ்சம் மேல இருந்துச்சுன்னா அப்புடியே பின்பக்கமா உக்காந்து காலத் திருப்பிக்கலாம். அதுதான் சரியான உசரம்.

ரெண்டாவது, எந்த வண்டியா இருந்தாலும் நடு வரிசைல உக்கார வைங்க. மூணாவது வரிச பின் சக்கரத்துக்கு நேர் மேல இருக்கும், பள்ளத்துல விழற அடி அப்புடியே முதுகுக்கு வரும்.

இன்னொன்னு, தப்பா எடுத்துக்காதீங்க, வேகத்தடைல நீங்க எப்புடி ஏத்துறீங்க? நெறைய பேரு பிரேக்க மிதிச்சுகிட்டே ஏத்துவாங்க, பிரேக் புடிச்சிருக்கும்போது முன்பக்கம் அமுங்கி ஸ்பிரிங்கு ஏற்கனவே சுருங்கியிருக்கும், அதுக்கு மேல அடி வாங்க எடமே இருக்காது. தூரத்துலயே வேகத்த கொறச்சு, டயரு தொடும்போது பிரேக்க விட்டுரணும். இது மட்டும் பழகுனாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

பட்டறை ராமநாதபுரம்:
பாய் வண்டி மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம். ஒன்னு, டயர்ல காத்து எவ்வளவு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) இருக்கு? டிரைவர் கதவ தொறந்தா பக்கத்து தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கற அளவு மட்டும்தான் சரி. கடைல கேக்காமலே 40 வச்சு விடுவாங்க, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சூடேறாத டயர்ல பாத்து சொல்லுங்க.

ரெண்டு, வண்டி எங்க நிக்கிது? கடல் பக்கமா? ஏன்னா கடலோர வண்டிங்க பட்டறைக்கு வரும்போது பாக்குறேன், ஆறு வருசத்துல ஷாக் அப்சர்பர் (குலுக்கல அடக்குற ஆயில் குழாய்) தண்டுல உப்பு பொரிஞ்சு வெள்ளையா ஒட்டியிருக்கும், அது ஆயில அடைச்சு வைக்கற ரப்பர் சீல் வளையத்த அறுத்து ஆயில் கசியும், கசிஞ்ச ஆயில்ல மண்ணு ஒட்டி கருப்பா சேறு மாதிரி இருக்கும். பின் சக்கரத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் பின் பம்பர் மூலைய பலமா அமுக்கி விடுங்க, மேல வந்து ஒரு தடவைல நிக்கணும், ஊஞ்சல் மாதிரி ஆடுச்சுன்னா ஷாக் முடிஞ்சிருச்சு. இணைப்புகள்ல அடி வாங்குற ரப்பர் புஷ்ஷெல்லாம் சேத்துப் பாக்கணும்.

கீழக்கரைக்காரன்:
பட்டறை அண்ணே, இப்பதான் பாத்துட்டு வர்றேன். ஸ்டிக்கர்ல 33 போட்ருக்கு, என் டயர்ல 42 இருந்துச்சு நாலுலயும். வீட்டுலேர்ந்து கடக்கர பத்து நிமிச நடதான், வண்டி வெளியதான் நிக்கிது. வலது பின் சக்கரத்துல நீங்க சொன்ன மாதிரியே கருப்பு சேறு. இத்தன மாசமா உம்மாவ இதுலயா கூட்டிட்டுப் போனேன்னு நெனச்சா கஷ்டமா இருக்கு. நாளைக்கே விடுறேன்.

தொண்டி மெக்கானிக்கல்:
காக்கா, நான் வண்டி டிசைன் படிச்சவன், இந்த விசயம் எனக்கு ரொம்பப் புடிச்சது அதனால கொஞ்சம் விளக்குறேன். உக்காந்திருக்கற மனுச உடம்ப மேலயும் கீழயும் ஆட்டுனா, நொடிக்கு 4லேர்ந்து 8 தடவ ஆடுற அதிர்வுதான் முதுகெலும்புக்கு ரொம்ப கஷ்டம். சின்னச்சின்ன ஒட்டு போட்ட ரோட்டுல வர்ற கடகடப்பு இந்த வகை. அதே நேரம் நொடிக்கு அரை தடவைக்கும் கொறவா மெதுவா ஆடுனா குமட்டல் வரும், படகுல வர்ற மாதிரி. நல்ல வண்டி ரெண்டுக்கும் நடுவுல, நொடிக்கு ஒரு தடவையோ ஒன்றரை தடவையோ ஆடும், கிட்டத்தட்ட நம்ம நடக்கற வேகம், உடம்புக்கு பழகுன ஆட்டம் அது. அதனாலதான் ரொம்ப மெத்துன்னு இருக்கற வண்டியும் ஆகாது, கல்லு மாதிரி இருக்கறதும் ஆகாது.

வண்டி பாக்கும்போது ரெண்டு நம்பர் பாருங்க. ஒன்னு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், வீல்பேஸ். நீளமா இருந்தா முன்னும் பின்னும் தூக்கிப்போடறது கொறையும், நடு சீட்டு பின் சக்கரத்துலேர்ந்து தள்ளி இருக்கும். எர்டிகா 2740 மில்லிமீட்டர், இன்னோவா கிரிஸ்டா 2750, மராசோ 2760, கேரன்ஸ் 2780, ஹைகிராஸ் 2850. கிரெட்டா 2610தான்.

ரெண்டு, டயர் சைசு. இத யாரும் பாக்கறதில்ல. கிரிஸ்டாவுலயே பாருங்க, 205/65 ஆர்16 வர்ற வேரியண்ட்டும் இருக்கு, டாப் வேரியண்ட்டுல 215/55 ஆர்17. மொத நம்பர் டயர் அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது அதுல எத்தன சதவீதம் டயர் சுவர் உசரம்னு, கடைசி நம்பர் ரிம் சைசு இஞ்சுல. கணக்கு போட்டா மொதல்ல உள்ளதுக்கு டயர் சுவர் 133 மில்லிமீட்டர், டாப்புக்கு 118. காசு கூட குடுத்து வாங்குற பெரிய அலாய் வீல்ல ஒன்றரை சென்டிமீட்டர் ரப்பர் போச்சு, அந்த ரப்பர்தான் மொத குஷன். உம்மாவுக்குன்னா கீழ் வேரியண்ட்தான் நல்லது.

ஒரு காலத்துல அம்பாசடர் பின் சீட்ட சோபான்னு சொல்வாங்களே, 2014ல அது நின்னு போச்சு, அந்த மாதிரி தடிச்ச மெத்தையும் உசரமான டயரும் இப்ப கம்மி. இப்ப வர்றதுல இதுக்குன்னே மெனக்கெடுறவங்க சிட்ரோயன், 1955லயே டிஎஸ்னு ஒரு கார்ல ஸ்பிரிங்குக்கு பதிலா ஆயிலும் கேசும் வச்சு செஞ்சவங்க. இப்ப அவங்க பசால்ட் கார்ல பின் சீட்டு தொடைப்பகுதிய தனியா உசத்திக்கலாம். ஆனா நம்ம பக்கம் சர்வீஸ் எங்க இருக்குன்னு பாத்துட்டு முடிவெடுங்க.

மண்டபம் மருமகள்:
எங்க மாமியாருக்கும் இதே டிஸ்க் பிரச்சனதான், அதனால சொல்றேன். தொடைக்கு சப்போர்ட் இருக்கான்னு பாருங்க. சின்ன எஸ்யூவி நெறையதுல பின்னாடி தரை உசரமா இருக்கும், முட்டி மேல தூக்கி நிக்கும், தொடை அந்தரத்துல தொங்கும், மொத்த பாரமும் இடுப்புல எறங்கும். நாங்க ஒரு துண்ட நல்லா இறுக்கி சுருட்டி இடுப்பு வளைவுல வச்சு விட்டோம், தலகாணி வேணாம் அது நழுவும். காலு தரைல பாவலைன்னா ஒரு சின்ன பலகை போடுங்க, ஆனா அது பிரேக் பக்கம் உருளாம இருக்கணும். முன் சீட்ல கொஞ்சம் சாய்ச்சு உக்கார வச்சுப் பாருங்க, தலை சுத்தலும் கொறையும், ரோடு கண்ணுக்குத் தெரியுறதால. பரமக்குடில ஒரு தடவ எறங்கி அஞ்சு நிமிசம் நடக்க விடுங்க, எங்க டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல சேந்தாப்புல உக்காரக் கூடாதுன்னு சொன்னாரு, உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க.

எலெக்ட்ரிக் வண்டி யாராச்சும் சொன்னா, சத்தமும் அதிர்வும் கம்மிதான், ஆனா ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்ததும் வண்டி தானா இழுத்துப் புடிக்கற செட்டிங்க கொறச்சு வைக்கணும். எங்க வீட்டுக்காரர் தம்பி வண்டில அத கூட்டி வச்சு ஓட்டுனப்ப அத்தைக்கு உச்சிப்புளி வர்றதுக்குள்ள வாந்தி.

ராமேஸ்வரம் டாக்ஸி:
இன்னொன்னு விட்டுப்போச்சு தம்பி. ஷோரூம்காரன் குடுக்கற பத்து நிமிச டெஸ்ட் டிரைவ்ல ஒன்னும் தெரியாது, அதுவும் ஓட்டுறது நீங்க. எந்த வண்டி வாங்க ஆசப்படுறீங்களோ அதே வண்டிய வாடகைக்கு பேசி ஒரு தடவ மதுரைக்குப் போய்ட்டு வாங்க. நீங்களும் உம்மா பக்கத்துல பின்னாடியே உக்காருங்க. பரமக்குடி வரைக்கும் ரெண்டு வழி ரோடு, அங்கருந்து நாலு வழி, ரெண்டும் கெடைக்குது, இதவிட நல்ல பரீட்சை என்ன இருக்கு. பரமக்குடி ராமநாதபுரம் நாலு வழிக்கு 2025 ஜூலைல டெல்லில ஒப்புதல் குடுத்துட்டாங்க, வேலை நடக்கற காலத்துல டைவர்சன்தான் நெறைய இருக்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

கீழக்கரைக்காரன்:
ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்தத சொல்லிடறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

பட்டறைல விட்டேன், பின்னாடி ரெண்டு ஷாக்கும் மாத்தியாச்சு, ஒரு புஷ் கிழிஞ்சிருந்துச்சு, காத்து 33. மொத தடவ எங்க ராத்தா (அக்கா) ஓட்டுனாங்க, நான் உம்மா கூட பின்னாடி உக்காந்தேன். ஆறு வருசத்துல என் வண்டி பின் சீட்ல நான் உக்காந்தது அன்னைக்குத்தான். சரி பண்ணதுக்கு அப்புறமும் முட்டி நெஞ்சுக்கு வர்ற மாதிரிதான் இருந்துச்சு, தொடைக்கு கீழ கைய விட்டா முழுசா போகுது. மருமகள் சொன்னது அப்பதான் புரிஞ்சுச்சு. குலுக்கல் பாதியா கொறஞ்சிருச்சு ஆனா சீட்ட ஒன்னும் பண்ண முடியாதுல்ல.

அடுத்த மாசம் போகும்போது கிரிஸ்டா, வரும்போது எர்டிகா, ரெண்டும் வாடகைக்கு. கிரிஸ்டா சீட்டு அருமை, தனித்தனி சீட்டு, ரெண்டு பக்கமும் கை வச்சுக்கலாம், நாலு வழில போறதே தெரியல. ஆனா உம்மா நாலடி பத்தங்குலம்தான், ஏறும்போது நானும் டிரைவரும் ரெண்டு பக்கமும் தாங்க வேண்டியதாச்சு, அது அவங்களுக்கு சங்கடம், யாரும் தாங்காம ஏறணும்னு நெனக்கிறவங்க. எர்டிகால அவங்களே பின்பக்கமா உக்காந்து காலத் திருப்பி வச்சுக்கிட்டாங்க. நடு சீட்ட முன்னாடி பின்னாடி நகத்தி, கொஞ்சம் சாய்ச்சு, காலு தரைல பாவுற எடத்துல வச்சேன். பெரிய பள்ளத்துல கிரிஸ்டா அளவுக்கு முழுங்கல, ஆனா திருப்புல்லாணி வேகத்தடைல நான் கைப்பிடியத்தான் பாத்துட்டே இருந்தேன், உம்மா அத புடிக்கவே இல்ல, கை மடில தஸ்பீஹ் மணிய உருட்டிட்டு இருந்துச்சு.

எர்டிகா 2021 மாடல் ஒன்னு, ஒரே ஓனர், பேசி முடிச்சாச்சு. அல்ஹம்துலில்லாஹ்.

தொண்டி மெக்கானிக்கல்:
மாஷா அல்லாஹ் காக்கா. டயர் சைசு மாத்தாம வச்சிருக்காங்களான்னு பாத்தீங்களா? 185/65 ஆர்15 இருக்கணும்.

கீழக்கரைக்காரன்:
அதேதான் இருக்கு தம்பி, மொத வேலையா அததான் பாத்தேன்.

பட்டறை ராமநாதபுரம்:
பாய், ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு நாள் கொண்டாந்து விடுங்க. அடில நல்ல தண்ணில கழுவி, காய விட்டு, துருவுக்கு கோட்டிங் அடிச்சுத் தர்றேன், ஷாக் தண்டுல உப்பு ஏறாம இருக்கும். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவ சக்கரத்துக்குள்ள பைப்ப விட்டு கழுவி விடுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா அது வேணாம், லாரி தண்ணில கழுவுங்க.

கீழக்கரைக்காரன்:
சரிண்ணே, 15 தேதிக்குள்ள வர்றேன். 20ந்தேதி மதுரை போகணும்.